200 டாலருக்குள் வீட்டு சிபி நிலையம்: பெட்டியை விட்டு வெளியே செய்த ட்யூனிங்

வீட்டில் வைக்க எந்தச் சிபி ரேடியோ வாங்கலாம் என்று ஒருவர் கேட்டார். சிபி என்பது பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறுந்தூர வானொலி, ‘சிட்டிசன்ஸ் பேண்ட்’. கேட்டவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா பள்ளத்தாக்கில், பிரிட்ஜ்வாட்டர் என்ற சிற்றூருக்கு மேற்கே அவர் வீடு. இன்டர்ஸ்டேட் 81 நெடுஞ்சாலை அங்கிருந்து கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டர். மகன் கோழித்தீவன லாரி ஓட்டுகிறார். ராக்கிங்ஹாம் கவுண்டி கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போனது என்பதால் அந்த வேலைக்கு அங்கே பஞ்சமில்லை. பெரியவருக்கு வேண்டியவை இரண்டே. வீட்டில் உட்கார்ந்தபடி, லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் சேனல் 19-ல் 81-ன் நிலவரம் கேட்க வேண்டும். மகனுடைய லாரி நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச்சாலைக்குள் வந்தபின் அவனோடு தடங்கலில்லாமல் பேச வேண்டும். எல்லாம் சேர்த்து 200 டாலருக்கு மேல் போகக்கூடாது.

அவரிடம் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருந்தது. யாரோ வீட்டைக் காலிசெய்தபோது வாங்கிய பழைய மேசை ரேடியோ ஒன்று. கூடவே லாரியின் காந்த ஆன்டெனா. அதை ஜன்னலோரம் ரொட்டி சுடும் இரும்புத் தட்டின்மேல் நிறுத்தியிருந்தார். ரேடியோவைப் போட்டால் ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம். மின்சாரப் பகுதியிலுள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோன பழைய செட்டுகளுக்கே உரிய சத்தம் அது. அதற்குமேல், சிக்னல் வலிமையை எஸ் அலகில் காட்டும் மீட்டரின் முள் எந்தச் சேனலிலும் எஸ்-7-க்குக் கீழே இறங்கவே இல்லை. “என்ன ரேடியோ வாங்கலாம், சொல்லுங்க” என்று கேட்டார். நான்காவதாகக் கேட்க வேண்டியதை அவர் முதலில் கேட்டுவிட்டார் என்பது என் எண்ணம். முந்தைய மூன்றும் இவை: ஆன்டெனா எங்கே நிற்கும், கேபிள் எந்த வழியாக வீட்டுக்குள் வரும், அந்த எஸ்-7 இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

காரணம் எளிது. அமெரிக்காவில் சிபி என்பது 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை 40 சேனல்கள். ஏஎம் முறையில் 4 வாட்தான் உச்சவரம்பு. 60 டாலர் செட்டுக்கும் 4 வாட். 300 டாலர் செட்டுக்கும் அதே 4 வாட். விலை கூடினால் திரை வண்ணமயமாகும், சைட்பேண்ட் (ஏஎம் சிக்னலின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும் முறை) வரும், இரைச்சல் வடிகட்டி கொஞ்சம் நன்றாக இருக்கும். ஏஎம்மில் பேசும் தூரம் அதிகமாகாது. தூரத்தைத் தீர்மானிப்பது உயரம். 8 மீட்டர் உயரத்தில் நடுப்புள்ளி கொண்ட ஒரு ஆன்டெனாவும், 3 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த ஒரு லாரியும் தடையில்லாத சமவெளியில் ஒன்றையொன்று எட்டக்கூடிய ரேடியோ அடிவானம் ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் வாட்டுக்கு இடமே இல்லை.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தது

இந்தப் பகுதிக்கு அதிக நேரம் ஆகவில்லை. சுவர் பிளக்கில் நேரே செருகுகிற மேசை ரேடியோக்கள் இன்றும் கிடைக்கின்றன. கேலக்ஸியின் டிஎக்ஸ்-2547 அந்த வகை. ஆனால் அதன் விலையே நம் மொத்த வரம்பைத் தாண்டிவிடும். பழைய மேசை ரேடியோக்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் யாராவது மூடியைத் திறந்து கைவைத்தவையாக இருக்கும்: குரல் அளவுமீறாமல் தடுக்கும் லிமிட்டரை வெட்டியிருப்பார்கள், அலைவரிசை நகர்ந்திருக்கும். பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு அது பொழுதுபோக்கு. மகனோடு பேச வேண்டியவருக்குத் தலைவலி.

ஆகவே வண்டியில் பொருத்தும் சாதாரண ஏஎம் செட் ஒன்றும், வீட்டு மின்சாரத்தை 13.8 வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளை ஒன்றும் போதும் என்று முடிவாயிற்று. செட்டில் நான் வேண்டுமென்று கேட்டவை சிக்னல் மீட்டர், கேட்கும் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஆர்எஃப் கெயின் திருகு, மைக் செருகும் இடம் முன்பக்கத்தில் இருப்பது ஆகிய மூன்றும்தான். மேசையில் வைத்துப் பயன்படுத்தும்போது பக்கவாட்டு மைக் சாக்கெட் எரிச்சலூட்டும். யூனிடன் ப்ரோ 520எக்ஸ்எல் வாங்கினோம்.  2021-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, சிபியில் எஃப்எம் முறையையும் அனுமதித்துவிட்டதே, அது இருக்கும் செட்டாகப் பார்க்கலாமா என்று கேட்டார். 81-ல் ஓடும் லாரிகள் பேசுவது இன்னும் ஏஎம்மில்தான். நமக்கு மட்டும் எஃப்எம் இருந்தால் யாரோடு பேசுவது?

பவர் சப்ளையில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் பிடிவாதம். லேப்டாப் சார்ஜர் போன்ற ஸ்விட்சிங் அடாப்டர்கள் இலேசானவை, மலிவானவை. அவற்றில் பல 27 மெகாஹெர்ட்ஸில் தாங்களே இரைச்சலை உமிழ்பவை. உள்ளே கனமான ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கும் லீனியர் வகையே இதற்கு நல்லது. 4 வாட் சிபி செட் அனுப்பும்போது இழுப்பது 2 ஆம்பியருக்குள்தான். தொடர்ந்து 3 ஆம்பியர் தரும் ஆஸ்ட்ரான் ஆர்எஸ்-4ஏ பழையது ஒன்று ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் சந்தையில் 45 டாலருக்குக் கிடைத்தது.

செலவு இப்படிப் போயிற்று: செட் 65, பவர் சப்ளை 45, கனெக்டரோடு கோஆக்ஸ் கேபிள் 50, மின்னல் அரெஸ்டரும் கிரவுண்ட் கம்பியும் 40. ஆன்டெனாவுக்கு? அவருடைய கொட்டகையில் கிடந்த வயரும், ஒரு துண்டு பிவிசி குழாயும், கயிறும்.

மேப்பிள் மரத்தில் ஒரு டைபோல்

கண்ணாடி இழையில் செய்த ஐந்து மீட்டர் கம்ப ஆன்டெனாக்கள் கடையில் கிடைக்கும், நல்லவைதான். ஆனால் அதை நிறுத்த இரும்புக் கம்பம், பட்டை, போல்ட் என்று செலவு இரட்டிப்பாகும். வீட்டின் மேற்கே உயரமான மேப்பிள் மரம் இருந்தது. வீட்டுக்கு வரும் மின்கம்பியோ கிழக்குப் பக்கம். இதை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன். 1970-களில் வீட்டுச் சிபி ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தும்போது மின்கம்பியில் பட்டு உயிரிழந்தவர்கள் பலர். சிபி வீட்டு ஆன்டெனாவுக்கென்றே அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு தரவிதி கொண்டுவர வேண்டியிருந்தது. ஆன்டெனா விழுந்தாலும் கயிறு அறுந்தாலும் எந்தத் திசையிலும் மின்கம்பியைத் தொடாத இடம் கிடைக்காவிட்டால் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது.

சேனல் 19-ன் அலைவரிசை 27.185 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 11 மீட்டர். அதில் கால் பங்கு நீளத்தில் இரண்டு வயர்கள், ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி, நடுவில் கோஆக்ஸ் கேபிள்: அதுதான் செங்குத்து டைபோல். லாரிகளின் ஆன்டெனா செங்குத்தாக நிற்பதால் நம்முடையதும் செங்குத்தாகவே தொங்க வேண்டும். கிடையாகக் கட்டினால் சிக்னல் வெகுவாக இறங்கிவிடும். புத்தகக் கணக்குப்படி ஒவ்வொரு வயரும் 2.62 மீட்டர். பிளாஸ்டிக் உறை போட்ட வயர் என்றால் அதைவிடச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். ஆனாலும் நீளமாக வெட்டி ஆரம்பிப்பதே வழக்கம். குறைப்பது சுலபம், ஒட்டுப்போடுவது கஷ்டம்.

20 மீட்டர் ஆர்ஜி-8எக்ஸ் கேபிள். இதில் ஏறக்குறைய ஒன்றேகால் டெசிபல் வீணாகும், அதாவது 4 வாட்டில் 3 வாட் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213 போட்டால் 3.4 வாட் போகும். அந்த வித்தியாசம் எதிர்முனைக் காதுக்குத் தெரியாது, விலையில் தெரியும். ஆனால் மெல்லிய ஆர்ஜி-58-ஐ நான் தவிர்ப்பேன். மலிவாக விற்கும் ஆர்ஜி-58-ல் பின்னல் உறை வலைபோல் இடைவெளி விட்டிருக்கும், வீட்டு இரைச்சல் அதன் வழியே உள்ளே கசியும்.

தூக்கிக் கட்டிவிட்டு ஆன்டெனா எந்த அலைவரிசையில் ஒத்திசைகிறது என்பதை வளைவில் ஒரு பள்ளமாகக் காட்டும் நானோவிஎன்ஏ என்ற சிறிய அளவீட்டுக் கருவியை இணைத்தோம். எண் வந்தது, ஆனால் நிற்கவில்லை. பெரியவர் கேபிளைக் கையில் பிடித்தபடி வீட்டை நோக்கி நடந்தார். அவர் கை நகர நகரத் திரையில் வளைவின் பள்ளம் இடதும் வலதுமாக ஓடியது. கையை எடுத்தால் ஒரு எண், பிடித்தால் வேறு எண். இதைக் கவனிக்காமல் வயரை வெட்ட ஆரம்பிப்பவர்கள்தான் “நேற்று 1.3 காட்டிச்சு, இன்னிக்கு 2.2 காட்டுது” என்று புலம்புவார்கள். விஷயம் இதுதான்: கேபிளின் வெளி உறையும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாக வேலைசெய்துகொண்டிருந்தது. அனுப்பும்போது கரண்ட் உறைமேல் ஓடி வீட்டுக்குள் வரும். கேட்கும்போது வீட்டு இரைச்சல் அதே உறைமேல் ஏறி ஆன்டெனாவுக்குப் போகும்.

மருந்து ஒரு சோக், அதாவது உறைமேல் ஓடும் கரண்டைத் தடுக்கும் சுருள். நடுப்புள்ளிக்கு அருகிலேயே கேபிளை 4 அங்குல பிவிசி குழாயின்மேல் எட்டுச் சுற்று, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, மேலே ஏறாமல் சுற்றி இறுக்கிக் கட்டினோம். பின் கேபிளை வயருக்குச் செங்குத்தாக வீட்டுச் சுவர்வரை இழுத்துவிட்டோம். அதை ஆன்டெனாவின் கீழ் வயரையொட்டித் தொங்கவிட்டால் சோக் இருந்தும் பயனில்லை. மறுபடி கேபிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பள்ளம் அசையவில்லை.

அதன்பிறகுதான் நீளத்தைச் சரிசெய்தோம். வயர் ஒவ்வொன்றும் 2.60 மீட்டராக இருந்தபோது சேனல் 1-ல் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5, சேனல் 40-ல் 2.1. அனுப்பும் சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது; 1.0 என்றால் எதுவும் திரும்பவில்லை. கீழ்ச் சேனலில் குறைவாகவும் மேல்ச் சேனலில் கூடுதலாகவும் இருந்தால் ஆன்டெனா நீளம் என்று அர்த்தம். எதிர்மாறாக இருந்தால் குட்டை. எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்த அலைவரிசையில் இரு வயரிலும் தலா 1 சென்டிமீட்டர் குறைத்தால் ஒத்ததிர்வு சுமார் 100 கிலோஹெர்ட்ஸ் மேலே போகும், அதாவது ஏறக்குறைய பத்துச் சேனல். நமக்கு 400 தேவைப்பட்டது. வெட்டாமல், நுனியை 4 சென்டிமீட்டர் மடக்கி, வயரோடு முறுக்கி டேப் சுற்றினோம். இப்போது சேனல் 1-ல் 1.5, 20-ல் 1.4, 40-ல் 1.5.

“1.0 வராதா?” என்றார் பெரியவர். லாரிக்கார நண்பர்கள் அந்த எண்ணைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறார். நேரான டைபோலின் இயல்பான மின்தடை 70 ஓம் பக்கம். கேபிள் 50 ஓம். ஆகவே 1.4 என்பதுதான் ஒழுங்காக வேலைசெய்யும் டைபோலின் எண். 1.5-ல் திரும்பி வருவது 4 சதவீத சக்தி. 2.0-ல் 11 சதவீதம். 3.0-ல் 25, அதற்குமேல் செட்டின் அவுட்புட் ட்ரான்சிஸ்டருக்கு ஆபத்து. சக்தியை வெப்பமாக்கி விழுங்கிவிடும் டம்மி லோடும் 1.0 காட்டும், அதை வைத்து அடுத்த தெருவோடுகூடப் பேச முடியாது. 1.5-ஐ 1.1 ஆக்க மெனக்கெடுவதில் நான் நேரம் செலவிடமாட்டேன்.

நானோவிஎன்ஏ இல்லாதவர்களுக்கு மலிவான எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரே போதும். செட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் வைத்து, ஆளில்லாத சேனலில் மைக்கை அழுத்தி, பேசாமல், முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, ரிஃப்ளெக்டட் பக்கம் தள்ளிப் படிக்க வேண்டும். 1, 20, 40 என்று மூன்று சேனலில் எடுத்தால் மேலே சொன்ன நீளம்-குட்டைக் கணக்கு பொருந்தும். சேனல் 9 அவசர உதவிக்கானது; சோதனைக்கு அதைத் தொடக்கூடாது.

கேபிளை மின்சார மீட்டர் இருக்கும் மூலையிலேயே வீட்டுக்குள் நுழைத்தோம். அங்கே அரெஸ்டர், அதிலிருந்து 6 கேஜ் செப்புக் கம்பி நேராக வீட்டின் கிரவுண்ட் ராடுக்கு. ரேடியோவுக்கென்று தனியாக ஒரு ராடு அடித்து அதை வீட்டு கிரவுண்டோடு இணைக்காமல் விடுவது இல்லாததைவிடக் கெடுதல். மின்னல் பக்கத்தில் விழும்போது இரண்டு ராடுக்கும் இடையேயான மின்னழுத்தம் செட்டின் வழியாகத்தான் ஓடும். இடி இடிக்கும் நாளில் இது போதுமா என்றால் போதாது. கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

இரைச்சலைத் தேடியது

ஆன்டெனா மேலே போயிற்று, சோக் போட்டாயிற்று. மீட்டர் எஸ்-7-லிருந்து 6-க்கு வந்தது, அவ்வளவே. லாரிகளின் குரல் கேட்டது, ஆனால் மணலுக்கு அடியிலிருந்து வருவதுபோல.

செட்டை ஒரு கார் பேட்டரியில் இணைத்து, வீட்டின் மெயின் பிரேக்கரை இறக்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜ் நின்றது, கடிகாரம் அணைந்தது, மீட்டர் முள் எஸ்-2-ல் விழுந்தது. அப்படியென்றால் இரைச்சல் வீட்டுக்குள்ளேயேதான். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றினோம். சமையலறை ஏறியபோது முள் இலேசாக அசைந்தது. கராஜ் ஏறியதும் ஒரே தாவலில் எஸ்-6. கராஜ் கூரையில் அவர் மாட்டியிருந்த மலிவு எல்இடி குழல் விளக்குகள். கதவு திறந்தால் தானே எரியட்டும் என்று எந்நேரமும் மின்சாரத்தோடு விட்டிருந்தார். எரியாத நேரத்திலும் அவற்றின் உள்ளேயிருந்த ஸ்விட்சிங் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியையும் சுகர் குரோவ் கடற்படை வானொலி நிலையத்தையும் காப்பாற்ற 1958-ல் வகுத்த தேசிய வானொலி அமைதி மண்டலம் ஏறக்குறைய 13,000 சதுர மைல் பரப்பு கொண்டது. அவர் வீடு அதற்குள்தான் இருக்கிறது. அந்த ஏற்பாடு லைசென்ஸ் பெற்ற நிலையான ஒலிபரப்பிகளைக் குறித்தது. கராஜ் விளக்கை யாரும் கேட்பதில்லை.

விளக்குகளை வேறு தயாரிப்புக்கு மாற்றினார். அது ரேடியோச் செலவில் சேராது என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். சமையலறையில் ஒரு போன் சார்ஜர்; அதன் வயரை, இரைச்சலைத் தடுக்கும் 31-ம் கலவை ஃபெரைட் வளையத்தில் நான்கு சுற்றுச் சுற்றினோம். வளையத்துக்குள் வயரை ஒரு தரம் நுழைத்துவிட்டுப் பயனில்லை என்பவர்கள் உண்டு. தடுப்பு சுற்றின் வர்க்கமாகக் கூடும். நான்கு சுற்று என்றால் ஒரு சுற்றைப்போல் பதினாறு மடங்கு. முடிவில் மீட்டர் எஸ்-2-க்கும் 3-க்கும் நடுவே நின்றது.

இந்த மாற்றத்தைச் சக்தியில் சொல்லிப் பார்க்கலாம். ஏழிலிருந்து மூன்று என்றால் நான்கு எஸ் அலகு. ஓர் அலகுக்கு 6 டெசிபல் என்ற முறையான கணக்கில் 24 டெசிபல், 250 மடங்கு. இரைச்சலை அப்படியே விட்டுவிட்டு மகனுடைய குரலை இதே தெளிவில் கேட்க வேண்டுமானால் லாரியிலிருந்து அவன் 4 வாட்டுக்குப் பதில் 1,000 வாட் அனுப்ப வேண்டும். மலிவு செட்டின் மீட்டரை அவ்வளவு நம்பக்கூடாது, சரி. பாதிதான் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் 16 மடங்கு, 64 வாட்.

இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியதற்குக் காரணம் இருந்தது. நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் “பீக் அண்ட் ட்யூன்” செய்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூடியைத் திறந்து, உள்ளேயுள்ள திருகுகளைத் திருப்பி, லிமிட்டரைத் தளர்த்தி, 4 வாட்டை 8 வாட் காட்டவைக்கும் வேலை. எஃப்சிசி சான்று பெற்ற செட்டுக்குள் சக்தியைக் கூட்டும்படி கைவைப்பது சட்டப்படி கூடாது. அதை ஒதுக்கிவைத்தாலும், 4 எட்டானால் 3 டெசிபல். எதிர்முனையில் அரை எஸ் அலகு. முள் அசைந்ததா என்று உற்றுப் பார்க்க வேண்டும். லிமிட்டர் போனால் குரல் கரகரத்து, பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள பக்கத்துச் சேனல்களிலும் சிதறும். தொழிற்சாலையிலிருந்து வரும் செட் சரியாக இருந்தால் அதன் உள்ளே ட்யூன் செய்ய ஒன்றுமில்லை. குரல் எடுபடவில்லை என்றால் மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடித்துப் பேசுவது அந்த 3 டெசிபலைவிட அதிகம் தரும். அவருக்கு அது லாரிக் காலத்திலேயே தெரியும்.

என்ன கேட்கிறது

81-ல் மவுண்ட் கிராஃபோர்டு வெளிவழியைச் சுற்றியுள்ள லாரிகள் பகலில் தெளிவாக வருகின்றன. தெற்கே வெயர்ஸ் கேவ் வரைக்கும் பேச முடிகிறது. ஸ்டான்டன் பக்கம் எப்போதாவதுதான். பள்ளத்தாக்கின் நீளவாக்கில் சிக்னல் போகிறது; கிழக்கே மசனட்டன் மலைக்குப் பின்னால் இருப்பவர்கள் நமக்கு இல்லாதவர்களே. மகனுடைய லாரி பண்ணைச் சாலைகளில் எங்கிருந்தாலும் குரல் வந்துவிடுகிறது, மேட்டுக்குப் பின்னால் ஒரு தாழ்வான இடம் தவிர. அந்த இடத்தைக் காசு செலவழித்துத் தீர்க்கவும் முடியாது. நண்பகலில் சில நாள் அயனமண்டலம் வழியாக ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து குரல்கள் மொய்த்துக்கொண்டு 19-ஐ அடைத்துவிடும். அப்போது ஆர்எஃப் கெயினைக் குறைத்தால் தூரத்துக் கூட்டம் அடங்கி, பக்கத்து லாரி மட்டும் மிஞ்சும். அந்தத் திருகு வேண்டும் என்று முதலிலேயே கேட்டது இதற்காகத்தான்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2005-ம் ஆண்டு விதிப்படி லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்திருப்பது 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைதான். 5 வாட்டுக்குள், கருவியோடு சேர்ந்தே வரும் ஆன்டெனாவோடு. அமெரிக்க செட்டின் 28-ம் சேனலிலிருந்து மேலே உள்ளவை அந்த எல்லைக்கு வெளியே. மொட்டைமாடியில் டைபோல் கட்டுவதும் அந்த விலக்குக்குள் வராது. மாடியில் ஆன்டெனா வைத்துப் பேச ஆசைப்படுபவர்கள் அமெச்சூர் தேர்வு எழுதிவிடுவதே நேர்வழி.

பனிக்காலம் வருமுன் நடுப்புள்ளி இணைப்பையும் வெளியிலுள்ள பிஎல்-259 கனெக்டரையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப் போட்டோம். கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருக்கிறது, தண்ணீர் அங்கேயே சொட்டிவிட. மழை நாளில் எஸ்.டபிள்யூ.ஆர். 0.1 ஏறுகிறது, ஈரம் காய்ந்தபின் பழையபடி. ஒரேயடியாக 2-ஐத் தாண்டினால் வயரைத் தொடாமல் முதலில் கனெக்டரைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பெரியவர் சைட்பேண்ட் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். சேனல் 38-ல் கீழ் சைட்பேண்டில் பேசுபவர்கள் இருக்கிறார்கள், உச்சவரம்பு 12 வாட், அதே சக்திக்கு ஏஎம்மைவிடத் தூரம் போகும். அதற்கு மரத்தில் தொங்கும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பிரசிடென்ட் மெக்கின்லி அல்லது யூனிடன் பேர்கேட் 980 பழையது நல்ல விலைக்கு வந்தால் பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அதற்கான பணத்தை மனைவியிடம் எப்படிக் கேட்பது என்பது என் துறை அல்ல.